மெடிக்கல் கவுண்ட்டரில் கேட்காமல் போகிற கேள்விகள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் கடையில் ஒரு மாத்திரை வேகமாகத் தீரும். பாரியூர் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம், அதாவது தீமிதி, நெருங்க நெருங்க, கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள மெடிக்கல்களில் எல்லாம் இதே கதைதான். அப்புறம் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, பங்குனியில் பண்ணாரி குண்டம், அதன் பிறகு ஊர் ஊராக மாரியம்மன் நோம்பி. இதற்கு நடுவில் கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு. "அக்கா, நாள் தள்ளிப்போற மாத்திரை இருக்குதுங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சில நேரம் மாமியார் வந்து மருமகளுக்கு வாங்கிப் போவார், சில நேரம் வீட்டுக்காரர். யாருக்கு, என்ன வயசு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நான் கேட்பதற்குள் பணம் கவுண்ட்டர் மேல் வந்துவிடும்.

நான் மருந்தாளுநர். மாதவிடாய் சம்பந்தமாகக் கடைக்கு வருகிறவர்கள் பொருளை வாங்குகிறார்கள், கேள்வியைக் கேட்பதில்லை. பின்னால் ஆள் நிற்கும்போது நானும் நிறுத்தி வைத்துப் பேச முடிவதில்லை. அங்கே நின்று சொல்ல முடியாததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த மாத்திரை. அதன் பெயர் நாரெதிஸ்டிரோன். உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனின் வேலையைச் செய்வது. கருப்பையின் உள்சுவர் உதிராமல் நிற்பதற்கு இந்த ஹார்மோன் வேண்டும். அது குறையும்போதுதான் சுவர் உதிர்ந்து ரத்தப்போக்கு ஆரம்பிக்கிறது. மாத்திரை அந்த அளவைக் குறையவிடாமல் பிடித்து வைக்கிறது. வழக்கமாக 5 மில்லிகிராம் மாத்திரையை, நாள் வருவதற்கு 3 நாள் முன்பே ஆரம்பித்து, தினம் 3 வேளை போடச் சொல்வார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தப்போக்கு வந்துவிடும். ஏற்கெனவே பட ஆரம்பித்த பிறகு வந்து வாங்கினால் காசுக்குக் கேடு. குண்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஓடி வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள்.

இது டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. அதற்குக் காரணம் இருக்கிறது. நாரெதிஸ்டிரோனில் ஒரு பகுதி உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரஜன் வகை ஹார்மோனாக மாறுகிறது. அதனால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் அபாயம் கொஞ்சம் கூடுகிறது. முன்பு கால் நரம்பில் ரத்தக்கட்டி வந்தவர்கள், வீட்டில் யாருக்காவது அப்படி வந்தவர்கள், கண்ணில் மின்னல் அடித்த மாதிரி தெரிந்து பிறகு ஒற்றைத்தலைவலி வருகிறவர்கள், உடல் எடை மிக அதிகமானவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் இதைத் தானாக வாங்கிப் போடவே கூடாது. கர்ப்பம் இருக்கலாமோ என்ற சந்தேகம் இருந்தால் முதலில் அதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை போட்டபின் ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. இன்னொன்று, நாள் தள்ளிப்போகிறதே என்று இதையே கருத்தடை மாத்திரையாக நினைத்துவிட வேண்டாம்.

என்றைக்கோ ஒருமுறை, கேட்டுப் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. வருஷத்தில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு பெண்ணின் உடம்பைத் தள்ளித் தள்ளி வைப்பதுதான் எனக்கு வருத்தம். சாமி காரியம் என்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் கேரளத்தில் செங்கன்னூர் பகவதி கோயில் இருக்கிறது. அங்கே அம்மனுக்கே மாதவிடாய் வருவதாக நம்பி, திருப்பூத்து என்று ஆராட்டு விழாவே எடுக்கிறார்கள். அசாமில் காமாக்யா கோயில் அம்புபாச்சி சமயத்தில் மூன்று நாள் நடை சாத்தித் திறக்கும்போது கூட்டம் அலைமோதுகிறது. பக்தி ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதமாக இதைப் பார்த்திருக்கிறது.

சரி, அடுத்தது ரத்தத்தின் அளவு. "உடம்புல இருக்கற ரத்தமெல்லாம் போயிருதுங்க" என்று சொல்கிறவர்களும் உண்டு. பேடை மணிக்கொருமுறை மாற்றிக்கொண்டே "எல்லாருக்கும் இப்படித்தானுங்களே" என்கிறவர்களும் உண்டு. இருமல் மருந்து பாட்டிலோடு வருகிற பிளாஸ்டிக் மூடியைப் பார்த்திருப்பீர்கள். நிறைய ஊற்றினால் அதில் 10 மில்லி பிடிக்கும். ஒரு மாதவிடாயில் மொத்தமாகப் போகிற ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி, அதாவது அந்த மூடியில் மூன்று நான்கு. கூடவே சளி போன்ற திரவமும் உதிர்ந்த திசுவும் கலந்து வருவதால்தான் பார்ப்பதற்கு நிறையத் தெரிகிறது. 80 மில்லிக்கு மேல், எட்டு மூடிக்கு மேல் போனால் அது அதிகப்போக்கு.

அளந்து பார்க்க யாராலும் முடியாது. அதனால் வேறு அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு பேட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுதாக நனைந்து, அதுவே பல மணி நேரம் தொடர்வது. ரூபாய்க் காசை விடப் பெரிய கட்டிகளாக விழுவது. ராத்திரி பேட் மாற்றவென்றே எழ வேண்டியிருப்பது. ஏழெட்டு நாள் தாண்டியும் நிற்காமல் இருப்பது. இதில் எது இருந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை, காட்ட வேண்டிய விஷயம். சின்னச் சின்னக் கட்டி எல்லாருக்கும் வரும். கருப்பை, வெளியேறுகிற ரத்தம் உறையாமல் இருக்க அதைக் கரைக்கும் பொருளைத் தானே சுரக்கிறது. போக்கு வேகமாக இருக்கும்போது கரைக்க நேரம் போதாமல் கட்டியாக விழுகிறது. முதல் நாளும் கடைசி நாளும் காபிப்பொடி நிறத்தில் படுவது, ரத்தம் மெதுவாக வந்து காற்றுப்பட்டுக் கறுத்ததால். கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் தமிழ்நாட்டில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. மாதாமாதம் போகிற இரும்புச்சத்தைச் சாப்பாட்டில் திருப்பிக் கொடுக்காததும் இதற்கு ஒரு காரணம். நம் பக்கத்துக் கம்பங்கூழும் கொள்ளுப் பருப்பும் முருங்கைக்கீரையும் இதற்கு உதவும். ஆனால் சாப்பிட்டு எழுந்த கையோடு ஒரு டீ குடிக்கிறோமே, அதுதான் சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதைக் கெடுக்கிறது. பனியன் கம்பெனியிலும் மில்லிலும் டீ டைம் எப்போது வருமோ அப்போதுதான் குடிக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். முடிந்தவரை சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கூழோடு அரை நெல்லிக்காயோ, பருப்பில் எலுமிச்சம்பழம் பிழிந்தோ சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வாயில் போடாதீர்கள், ஒன்று காலை என்றால் மற்றது ராத்திரி. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை தருகிற நீல நிற மாத்திரை இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான். பிள்ளைகள் அதை ஜன்னல் வழியாக வீசிவிடாமல் விழுங்கச் சொல்லுங்கள்.

வலிக்கு வருவோம். ஸ்பின்னிங் மில் ஷிப்ட் முடிந்து வருகிற பெண் பிள்ளைகள் ஒரே ஒரு மாத்திரை கேட்பார்கள். அட்டையில் ஒன்றை வெட்டிக் கொடுத்தால் அங்கேயே தண்ணீர் வாங்கி விழுங்கிவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார்கள். "சாப்டியா கண்ணு?" என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும்.

கருப்பையின் உள்சுவர் உதிரும்போது புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையைச் சுருங்க வைத்து உதிர்வதை வெளியே தள்ளுகிறது. அந்தச் சுருக்கம்தான் வலி. அதே பொருள் குடலையும் முறுக்குவதால்தான் முதல் நாள் வயிற்றாலே போகிறது. மெஃபனாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் இந்தப் பொருள் உண்டாவதையே தடுக்கின்றன. ஏற்கெனவே ஊறிவிட்டதை அவை அழிக்காது. ஆகவே பல்லைக் கடித்துப் பொறுத்துப் பொறுத்து, தாங்க முடியாமல் போன பிறகு போட்டால் பாதிதான் கேட்கும். வலி தலைகாட்டும்போதே, சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதே சரி. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். மெஃபனாமிக் அமிலம் சிலருக்கு அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 கடைசியில் எச்சரிக்கை கொடுத்தது. போட்ட சில வாரத்துக்குள் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மாத்திரை வேண்டாம் என்கிறவர்களுக்கு வெந்நீர்ப் பை இருக்கிறது. அடிவயிற்றில் மிதமான சூடு தொடர்ந்து வைப்பது ஐபுப்ரோஃபெனுக்கு ஏறக்குறைய இணையாக வலியைக் குறைத்தது என்று 2001ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

என் மனசை அறுப்பது வேறு. தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் பெண்கள் சுமார் 100 பேரிடம் பேசி, 2019ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் வேலை இடத்திலேயே பெயர் ஒட்டாத மாத்திரை கொடுக்கப்படுகிறது, அது என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று யாரும் சொல்வதில்லை என்பதுதான் அந்தச் செய்தி. இதைப் படிக்கிற தொழிலாளிப் பெண்களுக்குச் சொல்கிறேன்: அட்டை இல்லாமல், பெயர் தெரியாமல் யார் மாத்திரை கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெயரைக் கேட்பது உங்கள் உரிமை. லீவு கேட்பதும்தான்.

வலி மாத்திரைக்கே அடங்கவில்லை, மாதாமாதம் பள்ளிக்கூடமோ வேலையோ போக முடியவில்லை, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது குத்துகிறது, கணவனோடு சேரும்போது உள்ளே வலிக்கிறது என்றால் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிற நோய் இது. கருப்பைச் சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்கிறது. கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆகிவிடுகிறது, ஏனென்றால் எல்லோரும் "கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

தீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறிவேப்பிலைச் செடியைத் தொட்டால் பட்டுப்போகும், ஊறுகாய் கெட்டுவிடும் என்பதெல்லாம் நம் ஊர் ஆத்தாக்கள் மட்டும் சொன்னதில்லை. வியன்னாவில் பெலா ஷிக் என்று பெரிய டாக்டர் ஒருவர், தொண்டை அடைப்பான் நோய்க்குப் பரிசோதனை கண்டுபிடித்தவர், மாதவிடாய்ப் பெண் தொட்ட பூ வாடிவிடுகிறது, அவள் தோலில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று 1920ல் எழுதினார். பிறகு பலர் தேடிப் பார்த்தும் அப்படி ஒரு நஞ்சு நிரூபணமாகவில்லை. ஷிக் சத்தியமங்கலத்துக்கு வந்திருக்க வேண்டும். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் பறிக்கிற மல்லிகைதான் அங்கே மார்க்கெட்டுக்குப் போகிறது. மூணு நாள் என்று பார்த்தா பறிக்கிறார்கள்? அந்தப் பூதான் கோயிலுக்கும் போகிறது. ஒருவருக்கும் வாடியதில்லை. அந்தியூர், ஈரோடு பக்கம் மஞ்சள் வெட்டுகிற கைகளும் அதே கைகள்தான்.

தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்: மாட்டுக்கு, ஆட்டுக்கு, எருமைக்கு மாதவிடாயே கிடையாது. சினைக்குக் கத்தி ஓரிரு நாளில் கிடாரிக்குக் கொஞ்சம் ரத்தம் தெரியும். அது பருவம் முடிந்ததற்கான அடையாளம். நாய்க்குப் படுவதும் இணை சேரும் பருவத்துக்கு முன்னால் வருவது. மாதவிடாய் என்பது மனிதர், குரங்கினங்கள் சில, வௌவால் சில, யானைமூஞ்சி எலி, மாதவிடாய் வருவது 2016ல் தெரியவந்த ஒரு முள்மயிர்ச் சுண்டெலி என்று ரொம்பக் கொஞ்சம் உயிர்களுக்கே இருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று தோன்றினால், 2025 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். கிணத்துக்கடவு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவியை, மாதவிடாய் என்பதற்காக வகுப்புக்கு வெளியே படியில் உட்கார வைத்துப் பரீட்சை எழுத வைத்தார்கள். வீடியோ வெளியே வந்து, தலைமை ஆசிரியை சஸ்பெண்ட் ஆனார். அந்தப் பிள்ளை தலித் பெண். ஒரே படிக்கட்டில் இரண்டு தீட்டையும் சேர்த்து உட்கார வைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பேடுகளைப் பற்றி நிறையச் சொல்லலாம். கோயமுத்தூர் அருணாசலம் முருகானந்தம், மலிவு விலை நாப்கின் மெஷின் செய்து 2016ல் பத்மஸ்ரீ வாங்கியவர், முதலில் பஞ்சை வைத்துத்தான் செய்து பார்த்தார். நிற்கவில்லை. பெரிய கம்பெனி பேடில் இருப்பது மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸ் கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு வருஷங்கள் ஆயின. செடியிலிருந்து எடுத்த பஞ்சில் மெழுகு இருப்பதால் அது தண்ணீரை லேசில் குடிக்காது என்பது மில்லில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அலசி வெளுத்த பருத்தித் துணி நன்றாகவே உறிஞ்சும். அதனால்தான் பழைய பனியன் துணி வேலை செய்கிறது. பாலியஸ்டர் கலந்தது, சாயம் போவது இரண்டும் ஆகாது. ரத்தக்கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் கறை துணியிலேயே பிடித்துக்கொள்ளும். அப்புறம் சோப்பு. அப்புறம் வெயில். இந்த வெயில்தான் நம் வீடுகளில் கிடைப்பதில்லை. பாவாடைக்கு அடியில், பாத்ரூம் மூலையில் ஒளித்துக் காயப்போட்டு, ஈரம் போகாத துணியைக் கட்டி, அரிப்பும் புண்ணுமாக வந்து க்ரீம் கேட்கிறார்கள். துணியைக் கொடியில் வெளிப்படையாகக் காயப்போடுங்கள், பாதி க்ரீம் தேவைப்படாது.

கடை பேடை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நனையாவிட்டாலும். உள்ளுறுப்பைச் சோப்பு, வாஷ் எதுவும் போட்டுக் கழுவ வேண்டாம். அதன் அமிலத்தன்மையே அதைக் காக்கிறது, வெளியே தண்ணீர் போதும். அரசின் புதுயுகம் திட்டம் 2012ல் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்காக வந்தது. இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 பேட். மாதத்துக்கு 9 ஆகிறது. நாளைக்கு நாலு வீதம் நாலு நாளைக்கு என்று கணக்குப் போட்டால்கூட 16 வேண்டும். நல்ல திட்டம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மீதி ஏழுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்கிறாள் என்று வீட்டில் யாராவது கேட்க வேண்டும்.

உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கிற மாதவிடாய்க் கப் பற்றி இப்போது கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். சிலிக்கோன் கப், 20 முதல் 30 மில்லி பிடிக்கும், 8 முதல் 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம், சரியாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷம் வரை வரும். வாளையாறு தாண்டிக் கேரளத்தில் மத்திய அரசின் ஹெச்எல்எல் நிறுவனம் ஆலப்புழையில் 5,000 கப் இலவசமாகக் கொடுத்துப் பழக்கியது. ஒவ்வொரு மாதமும் ஆரம்பத்தில் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டெடுங்கள், அதற்கென்று தனிப் பாத்திரம் வையுங்கள். பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். முதல் தடவை சரியாக உட்காரவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள்.

பெண் பிள்ளை வயசுக்கு வந்து திரட்டிச் சீர் நடக்கிற வீடுகளில் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுப்பதைப் பார்க்கிறேன். உளுந்தங்களி தாராளமாகக் கொடுங்கள், முட்டையை மட்டும் வேகவைத்துக் கொடுங்கள். பச்சை முட்டையில் கிருமி இருந்தால் வயிறு கெடும். முதல் இரண்டு மூன்று வருஷம் நாள் முன்னே பின்னே போவது இயல்பு. பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள், சின்னப் பிள்ளைகளுக்கு 45 நாள் வரைகூடப் போகலாம். 28 என்பது சராசரிதான், சட்டம் இல்லை. மூன்று மாதம் வராமலே இருந்தாலோ, 15 வயசாகியும் ஆரம்பிக்காவிட்டாலோ காட்டுங்கள். அந்தப் பிள்ளையிடம் இதையும் சொல்லுங்கள்: பெண் குழந்தையின் கருமுட்டைகள் அத்தனையும் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அப்படியென்றால் அவள் உண்டான முட்டை, அவள் அம்மா இன்னும் பிறக்காமல் அம்மிச்சியின் வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டது. சீர்த்தட்டுக்கு நடுவில் அம்மிச்சி உட்கார்ந்திருக்கும்போதே சொல்லுங்கள், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, அம்மாக்களுக்கும் அம்மிச்சிகளுக்கும். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயசில் நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய வருஷங்களில் போக்கு கூடுவது உண்டு. அதைக் காரணம் காட்டி உடனே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை, கருப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனம் என்று முதலில் பார்க்க வேண்டிய வழிகள் இருக்கின்றன. முழுசாக ஒரு வருஷம் நின்ற பிறகு மறுபடி ஒரு சொட்டுப் பட்டாலும் அதை "திரும்ப வந்திருச்சு" என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும், சிலருக்குக் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் அதுவே. அதற்கு மாத்திரை கேட்டு மெடிக்கலுக்கு வர வேண்டாம். அந்த வாரமே பெண் டாக்டரிடம் போய், எந்த வருஷம் நின்றது, இப்போது எத்தனை நாளாகப் படுகிறது என்ற இரண்டையும் சொல்லுங்கள். ஸ்கேன் எடுக்க வேண்டுமா, சதைப் பரிசோதனை வேண்டுமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.